மூன்று பட்டனுக்கும் ஒரே கேள்வி

போன வாரம் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தேன். பாதி நிரப்பியிருப்பேன், உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "அதை நான் நேத்தே பண்ணிட்டேனே" என்றார். சரி, வெளியே வருவோம் என்று 'ரத்து' பட்டனை அமுக்கினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'உங்கள் மின்னஞ்சல் முகவரி சரியாக இல்லை.' மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே பதில். ஒன்றும் வேண்டாம் என்று கடையைவிட்டு வெளியே போகிறவளைக் கையைப் பிடித்து இழுத்து, "முதலில் உன் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போ" என்று யாராவது கேட்பார்களா? தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் ஹெச்.ஆர். பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கட்டுரை தருகிறார்களாம், நானும் தர வேண்டுமாம், கொஞ்சம் 'இன்ஸ்பைரிங்'காக இருந்தால் நல்லதாம். அம்மா, என்னிடம் இப்போது இருப்பது எரிச்சல் மட்டும்தான். வேண்டுமானால் அதைத் தருகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்த அதே தப்பை நீங்கள் இன்னும் கூச்சமில்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். படித்த பிறகு உங்களுக்கு உற்சாகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு செட் கம்பெனிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பக்கத்துப் பெரிய கம்பெனிக்காரர்களுக்குச் சொந்த பஸ், கண்ணாடிக் கதவு, கழுத்தில் தொங்க அட்டை. எங்களுக்கு டவுன் பஸ், கீழே பம்பு ஓடினால் மேலே நடுங்கும் மேஜை. மொத்தம் ஏழெட்டுப் பேர். எங்கள் முதலாளியை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். நல்ல மனுஷர். சம்பளத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவரிடம் கற்றது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் இனிமேல் அவரைத் திட்டப் போகிறேன்.

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவர்களுக்கு எல்லாவற்றையும் பிரவுசரில் ஓடும்படி செய்து தருவதாகச் சார் ஒப்புக்கொண்டிருந்தார். அப்போது 'வெப்' என்று சொன்னால் போதும், வாடிக்கையாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். நான் மருந்துக்கடைப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டேன். நோயாளிகளைப் பதிவு செய்யும் பக்கத்தைச் சாரே எழுதினார். அது அவருடைய செல்லப் பிள்ளை.

அந்தப் பக்கத்தில் நோயாளியின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, தெரு, பின்கோடு, தொலைபேசி என்று வரிசையாகக் கட்டங்கள். கீழே மூன்று பட்டன்கள். 'சேவ்' என்றால் சாதாரணப் பதிவு. 'எமர்ஜென்சி' என்றால் உடனே ஓர் எண் கிடைக்கும், உள்ளே அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் கம்ப்யூட்டர் கூவும், டாக்டர் ஓடி வருவார். 'கேன்சல்' என்றால் ஒன்றும் வேண்டாம்.

சார் அதற்கு முன்னால் ஃபாக்டரிகளுக்கு டேட்டா என்ட்ரி வேலை எடுத்துச் செய்தவர். காலிக் கட்டம் என்றால் அவருக்கு ஆகாது. சட்டையில் பட்டன் விட்டுப்போன மாதிரி அவருக்கு உறுத்தும். அதனால் ஒரே ஒரு சோதனை எழுதி அந்தப் பக்கம் முழுவதற்கும் காவல் வைத்துவிட்டார். எந்தப் பட்டனை அமுக்கினாலும் முதலில் அந்தக் காவல்காரனிடம் போக வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவன் விடமாட்டான். பெட்டி ஒன்று எழும்பி, 'பின்கோடு தேவை' என்று நிற்கும்.

நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "சார், கேன்சல் அமுக்கினாக்கூட அப்பா பேர் கேக்குது."

"கேக்கட்டும் கணம்மா. டேட்டா சுத்தமா இருக்கணும்" என்றார். கணம்மா என் பெயர் இல்லை, கன்னடத்தில் பெண்களை உரிமையோடு 'அம்மா' என்பது போல.

அவர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் செய்து காட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. அவர் காட்டும் நோயாளிக்குப் பெயர், அப்பா பெயர், பின்கோடு, போன் எல்லாமே இருக்கும். நோய் மட்டும்தான் இருக்காது.

ஆனால் நிஜமாக அவசரத்தில் வருகிறவர்கள் பின்கோடு எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மயங்கி விழுவதில்லை. யாரோ ஓர் ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்ட்ரெச்சரில் போட்டுவிட்டு, சவாரி காத்திருக்கிறது என்று போய்விடுவார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

கவுண்டரில் இருந்த பெண் பெயர் செல்வி. ராமாபுரத்துப் பெண். கொள்ளேகால் தாண்டி, தமிழ் சரளமாகப் புழங்குகிற ஊர் அது. கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்று படித்துவிட்டு, வீட்டில் சண்டை போட்டு மைசூருக்கு வேலைக்கு வந்தவள். அவள் அண்ணனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "ஒரு வருசம் பாரு, வேலை நிரந்தரமாகலேன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரோணும், மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கறன்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாராம். ராமாபுரத்துத் தமிழில் அவள் "வாங்க்கா, போங்க்கா" என்று பேசுவது எனக்கு மிகவும் பிடிக்கும். மருந்துக்கடை வேலைக்காகப் போகும்போதெல்லாம் அவள் கவுண்டரில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் வரமாட்டேன். வேலை நிரந்தரமானதும் சாமுண்டி மலைக்குப் படியேறியே போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னாள். பாவி, அப்போதுகூட இந்தப் பக்கம் படுத்தும் பாட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பகல் வேளை, பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். செல்வி 'எமர்ஜென்சி' அமுக்கினாள். பெயர் தேவை என்றது. கையில் ஊறிப்போன பழக்கத்தில் கட்டங்களை மளமளவென்று நிரப்பி மறுபடி அமுக்கினாள். எண் வந்தது, உள்ளே கூவியது, பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்து, 'இவர் ஏற்கெனவே நம்மிடம் வந்தவர்' என்று சொல்லி, பழைய மருத்துவக் குறிப்புகளையும் அந்தப் பக்கம் உள்ளே அனுப்பிவைத்தது. அதுவும் சார் ஆசை ஆசையாகச் செய்த வசதி.

குறிப்பில் சர்க்கரை வியாதி என்று இருந்தது. இன்சுலின் போடுகிறவர் என்று இருந்தது. நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டாள். டியூட்டி டாக்டர் போர்வையை விலக்கினார். குறிப்பின்படி இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட நோயாளி, இரண்டு காலோடும் படுத்திருந்தார்.

"முளைச்சிடுச்சா?" என்று டாக்டர் கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை. பெரியவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர். அந்த ஊசி மட்டும் இறங்கியிருந்தால் மனுஷர் எழுந்தே இருக்கமாட்டார். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, மார்டள்ளிக்குப் பஸ் போய்விட்டதா என்று கேட்டாராம்.

ஒரு காலோடு இருந்த முந்தைய நோயாளியும் இப்படி மயக்கத்தில் வந்தவர்தான். அவருக்கும் செல்வி இதே விவரங்களைத்தான் போட்டிருந்தாள். அவருக்கு மட்டுமா? பெயர் தெரியாமல் வந்த எல்லாருக்கும் அதேதான். பெயரும் பின்கோடும் போனும் ஒத்துப்போனதால் பக்கத்தின் கணக்கில் அத்தனை பேரும் ஒரே ஆள். மறுநாளே செல்வியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பொய்யான தகவல் எழுதியதாகக் குற்றச்சாட்டு. அந்தப் பெயரோடு வெளியே போனால் மைசூரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளைக் கவுண்டர் பக்கம் அண்ட விடாது.

விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் போகும்போது சார் எனக்குப் பாடம் நடத்தினார்.

"நம்ம ப்ரோக்ராம் கேட்டதைக் கேட்டுது. அந்தப் பொண்ணு சுள்ளு எழுதிட்டா. இதுல நம்ம தப்பு எங்க வந்தது?"

சுள்ளு என்றால் கன்னடத்தில் பொய். கஷ்டமான வார்த்தை எல்லாவற்றையும் சார் கன்னடத்தில் சொல்லிவிடுவார், தமிழில் சொன்னால் சுடும் போலிருக்கிறது.

"அவ வேற என்ன சார் எழுதுவா? மயங்கிக் கிடக்கறவர்கிட்ட பின்கோடு கேக்க முடியுமா?"

"சும்னே நீ ஏன் நடுவுல போற? நம்மளைக் கேட்டா மட்டும் பதில் சொல்லுவோம். கான்ட்ராக்ட் புதுசாக்கற நேரம் கணம்மா இது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அதை ஆட்டோவில் உட்காரவைத்து என் பக்கத்திலேயே கூட்டிக்கொண்டு போவது போலிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சார் என்னை வழியிலேயே இறக்கிவிட்டிருப்பார்.

ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மேஜையில் ஒரு தூசி இல்லை. செல்வி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. அதிகாரி கன்னடத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். இந்தப் பெண் இஷ்டத்துக்குக் கற்பனை செய்து எழுதியிருக்கிறாள். ஓர் உயிர் போயிருக்கும். இவளை வைத்துக்கொள்ள முடியாது. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஏதாவது கோளாறு உண்டா என்பது மட்டும்தான் உங்களிடம் கேள்வி."

"கோளாறு ஒண்ணும் இல்ல சார்" என்றார் எங்கள் சார்.

பிள்ளைகளே, அந்தப் பதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எழுதினபடி அந்தப் பக்கம் அட்சரம் பிசகாமல் வேலை செய்தது. நீங்களும் இதைத்தானே சொல்கிறீர்கள்? டெஸ்ட் எல்லாம் பாஸ், புகார் டிக்கெட்டை மூடு. வேலை செய்கிறதா என்று ஆயிரம் தரம் பார்ப்பீர்கள், யாருக்கு வேலை செய்கிறது என்று ஒரு தரம் பார்க்கமாட்டீர்கள்.

நான் அப்போது விவாதம் செய்யவில்லை. விவாதம் செய்திருந்தால் தோற்றிருப்பேன், எதிரே இருந்தவருக்குக் கட்டளை மட்டும்தான் புரியும். "சார், ஒரு நிமிஷம் கவுண்டருக்கு வந்து நீங்களே ஒரு எமர்ஜென்சி பதிவு செய்து பாருங்கள். நோயாளிக்கு நினைவில்லை, கூட யாரும் இல்லை" என்று மட்டும் கேட்டேன். எங்கள் சார் என் செருப்பை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'எமர்ஜென்சி' அமுக்கினார். 'பெயர் தேவை' என்று பெட்டி எழும்பியது.

"பார்த்தாயா, இதற்கு என்ன எழுத வேண்டும்? அன்னோன், தெரியாது என்று எழுத வேண்டும்" என்று செல்வியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அடித்தார். மறுபடி அமுக்கினார். 'தகப்பனார் அல்லது கணவர் பெயர் தேவை.' அதற்கும் அன்னோன். 'வயது தேவை.' அதற்கும் அன்னோன். 'வயது எண்ணாக இருக்க வேண்டும்' என்றது. கொஞ்சம் யோசித்து ஐம்பது என்று போட்டார். 'தெரு தேவை.' அன்னோன். 'பின்கோடு தேவை.' அன்னோன் என்று அடித்தார். 'பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும்.'

"ஏய், இதென்ன உபத்திரவம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆஸ்பத்திரியின் பின்கோடைப் போட்டார். 'தொலைபேசி தேவை.' இந்த முறை அவர் யோசிக்கவே இல்லை. எதிரே சுவரில் எழுதியிருந்த ஆஸ்பத்திரி போன் நம்பரை மடமடவென்று அடித்து, பட்டனை ஓங்கிக் குத்தினார்.

திரையில் வந்தது: 'இவர் ஏற்கெனவே நம்மிடம் வந்தவர்.' அதற்குக் கீழே, சர்க்கரை வியாதி, இடது கால் இல்லை.

அன்னோன், ஆஸ்பத்திரி பின்கோடு, ஆஸ்பத்திரி போன். செல்வி போட்டதும் இதையேதான். அவளும் கற்பனை எதுவும் செய்யவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிற யாருடைய கையும் அங்கேதான் போகும்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். உடனே மனம் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அப்படிப்பட்டவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறமாட்டார்கள். குரல் மட்டும் சற்று இறங்கியது.

"சரி. பக்கம் இப்படித் தொந்தரவு செய்கிறது. அப்படியானால் நீ அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? யாரிடமாவது சொன்னாயா?"

செல்வி பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி எங்கள் சாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"சொன்னன் சார். யாருகிட்டன்னு... நெனவு இல்லைங் சார்" என்று கன்னடமும் தமிழுமாகக் கலந்து சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் திரும்பித் தமிழில் கேட்டேன். "ஏண்டி, உன் வேலை போகப்போகுது. இப்பவும் யாரைக் காப்பாத்தறே?"

"விடுங்க்கா. பெரியவங்களைச் சொல்லி என்னங் ஆகப்போகுது? நானே பாத்துக்கறனுங்."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த ஊரில் இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் மூன்றாவது ஆள் வந்து, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பார். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாமும் சிரித்த முகமாக நகர்ந்து உட்காருவோம். நாலாவது ஆளுக்கும் நகருவோம். இடுப்பு வலிக்கிறது என்று ஒருத்தரும் சொல்லமாட்டோம், சொன்னால் மரியாதை இல்லை. பஸ்ஸில் அது நல்ல குணம். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அது ஆளைக் கொல்லும். அந்த இடத்திலேயே கத்தலாம் போலிருந்தது எனக்கு. அந்தப் பெண் மேல் கோபம், சார் மேல் கோபம், இந்த ஊரின் நல்ல குணத்தின் மேலேயே கோபம்.

"எங்கிட்டதான் சொன்னா" என்றார் எங்கள் சார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை இறக்கி, அதிகாரியிடம் கன்னடத்தில் சொன்னார். "போன் பண்ணினாள். ஒருதரம் இல்லை, பலதரம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, ஏதாவது போட்டு அமுக்கும்மா என்று நான்தான் சொன்னேன். அவள் நான் சொன்னதைத்தான் செய்தாள்."

கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். செருப்பை மிதித்த மனுஷர். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டதுதான் அவரைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். அவள் மட்டும் அவரைக் கைநீட்டிக் காட்டியிருந்தால் மனுஷர் சண்டைக்கு நின்றிருப்பார்.

மன்னிப்பு, சமாதானம் என்ற வார்த்தைகளெல்லாம் அதிகாரியின் அகராதியிலேயே இல்லை. "நாளைக்குக் கவுண்டருக்கு வந்துவிடு" என்று செல்வியிடம் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி, "அதற்குள் இதைச் சரிசெய்யுங்கள். கான்ட்ராக்டைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

மறுநாள் காலையில் சாரே உட்கார்ந்து மாற்றினார். காவல்காரனைப் பக்கத்தின் வாசலிலிருந்து எடுத்து, 'சேவ்' பட்டனுக்கு மட்டும் துணையாக நிறுத்தினார். 'எமர்ஜென்சி'க்குக் கேள்வியே இல்லை. செல்விக்குச் சுலபமாகக் கைக்கு எட்டட்டும் என்று அந்தப் பட்டனைத் தூக்கி முதலில் வைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கவுண்டர் கம்ப்யூட்டரில் போட்டோம். பல்வலியோடு வந்த ஒருவரைச் செல்வி பதிவு செய்தாள். தட்டச்சு பழகிய கை மௌஸைத் தேடாது. கடைசிக் கட்டத்தை முடித்ததும் என்டர் கீயைத் தட்டினாள். உள்ளே கம்ப்யூட்டர் கூவியது. டியூட்டி டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு ஓடி வந்தார். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்ற பல்வலிக்காரர் பயந்து இரண்டடி பின்னால் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

என்டர் தட்டினால் சில பிரவுசர்கள் முதல் பட்டனை அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். சில, எந்தப் பட்டனையுமே சொல்லாமல் வெறுமனே அனுப்பிவிடும். அதனால் என்டருக்கு முதலில் கிடைப்பது சாதுவான பட்டனாக இருக்க வேண்டும். மறுமுனையில் வாங்குகிற சர்வரும் 'எந்தப் பட்டன்?' என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். பட்டன் பெயரே வராவிட்டால் சாதாரணப் பதிவு என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். மயக்கத்தில் வந்தவரைப் பழைய ஆளோடு தானாகச் சேர்க்கவே கூடாது. இதையெல்லாம் அங்கேயே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் சாரும் செய்து முடித்தோம். ஒவ்வொரு பட்டனும் ஒரு தனி மனுஷன் சொல்லும் தனிச் சேதி. ஒருவன் எழுதி முடித்துவிட்டேன் என்கிறான், ஒருவன் காப்பாற்று என்கிறான், ஒருவன் என்னை விடு என்கிறான். மூன்று பேரிடமும் அப்பா பெயரைக் கேட்டு நிற்காதீர்கள். உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

வேலை முடிந்ததும் செல்வியைக் கூப்பிட்டேன். "கட்டம் எல்லாத்தையும் காலியா விட்டுட்டு எமர்ஜென்சி அமுக்கிப் பாரு."

அமுக்கினாள். அமுக்கிவிட்டு, பக்கம் அடுத்து எதையாவது கேட்கும் என்று இரண்டு கையையும் கீபோர்டின் மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது ஒன்றும் கேட்கவில்லை. திரையில் புது எண் ஒன்று வந்தது, 'விவரங்களைப் பிறகு சேர்க்கலாம்' என்ற வரியோடு. உள்ளே கூவியது. டாக்டரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தோம், அவர் வரவில்லை.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவள் கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் சார் பையில் வயர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை மாத்தறதுக்கு எவ்வளவு நேரமாச்சுங்க்கா?"

பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பெரிய வேலை, ஆள் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தோம் என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"அரை நாள்" என்றேன்.

செல்வி தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை.

"அண்ணன் நேத்தே வந்து பொட்டியக் கட்டி வெச்சுட்டாருங்க்கா. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, திருட்டுக் கணக்கு எழுதி வேலைய விட்டுத் தொரத்திட்டாங்கன்னு. அம்மா எங்கூடப் பேசறதில்லைங்" என்றாள். பிறகு, சாருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். "நான் மொதத் தடவை போன் பண்ணி மூணு மாசமாச்சுங். அன்னிக்கு அரை நாள் கெடைக்கலைங்களா?"

சாரின் கை வயரிலேயே நின்றது. கவுண்டருக்கு வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.